குதுப் வளாகத்தின் இரண்டு வகை வளைவுகள்

தில்லி சென்று திரும்பிய பழைய வண்ணாரப்பேட்டை வாசகி ஒருவர், குதுப் மினாரை அடுத்துள்ள குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் வளைவுகள் உண்மையான வளைவுகள் அல்ல என்று வழிகாட்டி கூறியதன் பொருளைக் கேட்டிருக்கிறார். கண்ணுக்கு அவை வளைந்துதானே தெரிகின்றன? நியாயமான கேள்வி. இதற்கான விடையைக் கற்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளில் தேட வேண்டும்.

குத்புதீன் ஐபக் 1190-களில் தொடங்கிய அந்தப் பள்ளிவாசலுக்கு 27 கோயில்களின் கற்கள் பயன்பட்டதாக அதன் வாயில் கல்வெட்டே சொல்கிறது. தொழுகைக் கூடத்தின் முன்னால் சற்றுப் பின்னர் எழுப்பப்பட்ட கல்திரையின் நடு வளைவு ஏறத்தாழ 16 மீட்டர் உயரம் கொண்டது. உள்ளூர்க் கல்தச்சர்கள் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடச் சற்று முன்தள்ளி அடுக்கி, இரு பக்கங்களையும் உச்சியில் சந்திக்க வைத்து, விளிம்பை வளைவாகச் செதுக்கினார்கள். இணைப்புக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடையாக ஓடுவதை நெருங்கிப் பார்த்தால் காணலாம். முன்தள்ளிய கல்லின் மூக்கில் சுமை ஏறும்போது அதன் மேற்பரப்பு இழுபடுகிறது; அமுக்கத்தைத் தாங்கும் வலிமையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் கல்லுக்கு இழுவையைத் தாங்க உண்டு. ஆகவே பின்புறச் சுவரின் எடை கல்லின் வாலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதே வளாகத்தில் அலாவுதீன் கில்ஜி 1311-இல் கட்டிய அலாய் தர்வாசா என்னும் வாயில் வேறு முறையைச் சேர்ந்தது; உண்மையான வளைவு என்பது இதுதான். விளிம்பில் வரிசையாகத் தொங்கும் தாமரை மொட்டுகளுக்கு மேலே பார்த்தால், ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களின் இணைப்புகள் விசிறி மடிப்புகளைப் போல விரிந்து செல்கின்றன. ஒவ்வொரு கல்லும் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால், விழ முயலும்போது இருபுறக் கற்களையும் நெருக்குகிறது. அவை தம் அடுத்த கற்களை நெருக்குகின்றன. கீழே இழுக்கும் எடையே கற்களை இறுக்கிப் பூட்டும் விசையாக மாறிவிடுகிறது. உச்சியின் கடைசிக் கல் அமரும் வரை எதுவும் தானாக நிற்காது என்பதால் அடியில் மரச் சென்ட்ரிங் தேவை. அதைப் பிரித்ததும் வளைவு சிறிது இறங்கி, கற்கள் தம் இடத்தை உறுதி செய்துகொள்கின்றன. இந்தக் கணத்தை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

1675-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் இதற்கு ஒரு விளக்கம் கண்டார். இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலியில் இழுவை மட்டுமே இருக்கும். அந்த வடிவத்தைத் தலைகீழாக்கினால் அமுக்கம் மட்டுமே இருக்கும். வீட்டில் ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டுக் கைகளை அகற்றிப் பாருங்கள்: சங்கிலி தட்டையாக ஆக ஆக, கைகளை உள்ளே இழுக்கும் விசை கூடும். வளைவு தட்டையாகும்போதும் அதே அளவில் கூடுகிறது, ஆனால் வெளிப்புறத் தள்ளலாக. அலாய் தர்வாசாவின் சுவர்கள் 3 மீட்டருக்கும் மேல் தடித்திருப்பது வளைவுகளும் அவற்றின் மேலுள்ள குவிமாடமும் தரும் அந்தத் தள்ளலைத் தாங்குவதற்கே.

முதல் திரையைக் கட்டியவர்களை உண்மையான வளைவை அறியாதவர்கள் என்று எழுதுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. கான்பூர் அருகே பீத்தர்காவ் செங்கல் கோயிலில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆப்பு முறை வளைவுகள் உள்ளன. கல்லில் தூண்மேல் உத்தரம், அதன்மேல் பாவுகல் என்ற முறையில் அவர்கள் கைதேர்ந்திருந்தார்கள். கீழக்கரையின் பழைய கல் பள்ளிவாசலும் அந்த மண்டப மரபில் வந்ததே.

வாசகி தம் ஊரிலேயே இதைக் காணலாம். மண்ணடியிலும் ராயபுரத்திலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகளின் சன்னல்களுக்கு மேல் செங்கற்கள் அலாய் தர்வாசாவின் ஆப்பு முறையில் நிற்கின்றன. வரிசை வீடுகளில் கடைசி வளைவின் தள்ளலைப் பக்கத்து வீட்டுச் சுவர் தாங்கியிருக்கும். அந்த வீட்டை இடித்ததும் இங்கே உச்சியில் விரிசல் விழும். உடனே வாஸ்து தோஷம் என்று சொல்லிப் பூசணிக்காய் கட்டுவது வருத்தம் தருகிறது. இத்தகைய கட்டடங்களை இடிக்கும் முன் அளந்து பதிவு செய்யப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு நிதி தர வேண்டும். இடிக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே, வளைவின் கால் சுவரில் ஊன்றும் மட்டத்தில் வெளியிலிருந்து சாய்வு முட்டுக் கொடுத்து, வளைவின் அடியில் மீண்டும் சென்ட்ரிங் வைத்துவிட வேண்டும்.