ஒரே ஊசியில் சரியாகாது

மூன்று வயது லாப்ரடார். மூக்கில் ரத்தம் வடிகிறது, ஈறு வெளுத்துப் போயிருக்கிறது, வயிற்றுத் தோலில் ஊதாப் புள்ளிகள். ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை பயப்படும்படி இறங்கியிருக்கிறது. "மூணு வாரமா வைத்தியம் பார்த்துக்கிட்டுதான் இருக்கோம் டாக்டர்" என்கிறார் வளர்ப்பவர். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால் முதலில் தெருமுனையில் நாய்த் தீவனம் விற்கும் கடைக்காரர். அவர் ஊசி போட்டதும் இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டதாம். மறுபடி படுத்துவிட்டதால் வேறோர் இடம், வேறோர் ஊசி. அப்புறம் மச்சான் சொன்ன மூன்றாமவர். என்ன மருந்து போட்டார்கள் என்றால், "வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு." கையில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

உண்ணிக் காய்ச்சல்தான். நாயின் பெயரும் தெருவின் பெயரும் மாறுகின்றன, கதை மாறுவதில்லை. திருச்சி வெயிலில் உண்ணிக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று இல்லை என்பதால் ஆண்டு முழுக்க வந்துகொண்டே இருக்கிறார்கள். எரிச்சல் எங்கே வருகிறது என்றால், இதில் பெரும்பாலான நாய்களுக்கு வேண்டியது டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை. வழக்கமாக 28 நாள் கொடுப்போம். முதல் வாரமே ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு மாதத்துக்கு மாத்திரை என்று முடிந்திருக்க வேண்டிய செலவு, மூன்று வாரம் கழித்து டிரிப், ரத்தம் ஏற்றுதல், உள்நோயாளியாக வைத்துக் கண்காணிப்பு என்று ஐந்து மடங்கு, பத்து மடங்காக ஏறி நிற்கிறது. நாயும் பிழைக்குமா என்பது தெரியாது. (உடனே மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். உண்ணி கொண்டுவருவது ஒரு நோய் மட்டுமல்ல; எர்லிகியா, பெபீசியா என்று வேறு வேறு கிருமிகள். எர்லிகியாவுக்குக் கேட்கிற மாத்திரை மட்டும் பெபீசியாவுக்குப் போதாது. அதனால்தான் பரிசோதனை.)

"போன டாக்டர் ஊசி போட்டாரு, உடனே எந்திரிச்சிடுச்சு. நீங்க ஊசியே போடாம டெஸ்ட் எழுதுறீங்க." இதை நான் கேட்காத வாரம் இல்லை. ஊசி போடுகிறவர் கைராசிக்காரர், பரிசோதனை எழுதுகிறவர் காசு பிடுங்குகிறவர் என்று ஒரு கணக்கு ஊரில் ஓடுகிறது. அந்த மந்திர ஊசியில் பெரும்பாலும் என்ன இருக்கும் தெரியுமா? காய்ச்சலை இறக்க ஒன்று, பெரும்பாலும் இந்த நோய்க்குக் கேட்காத ஒரு ஆன்டிபயாடிக், கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு உள்ளே போனதும் பெரும்பாலான நாய்கள் எழுந்து நிற்கும். பசிக்கும், தண்ணீர் நிறையக் குடிக்கும், வாலாட்டும். நோய் மட்டும் அங்கேயே இருக்கும். இரண்டு, மூன்று நாளில் மருந்தின் வேகம் குறைந்ததும் முன்பைவிட மோசமாகப் படுக்கும். நீங்கள், "இந்த டாக்டர் சரியில்லை" என்று அடுத்தவரிடம் போவீர்கள். அவருக்கு முதலாமவர் என்ன போட்டார் என்று தெரியாது, அவரும் அதையே போடுவார். இப்படி மூன்று இடம் சுற்றினால் மூன்று கட்டணம், மூன்று ஸ்டீராய்டு, நோய்க்கு மருந்து பூஜ்யம். காசை மிச்சப்படுத்தத்தான் பரிசோதனை வேண்டாம் என்றீர்கள், நினைவிருக்கிறதா?

ஸ்டீராய்டு விஷம் என்று சொல்ல வரவில்லை. நானும் போடுகிறேன், எதற்கு என்று தெரிந்துகொண்டு போடுகிறேன். ஊசிக்கு மாத்திரை இளைத்ததும் அல்ல. வாந்தி எடுக்காத, விழுங்கத் தெரிந்த நாய்க்குப் பல நோய்களில் மாத்திரையே போதும், செலவும் குறைவு. எதையும் குத்தாமல், எடை பார்த்து, வெப்பம் பார்த்து, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, "இன்னைக்கு மருந்தே வேண்டாம், பட்டினி போட்டுப் பாருங்க" என்று ஒருவர் சொல்லி அனுப்பினால், தயவுசெய்து அந்த டாக்டரை விடாதீர்கள். அவருக்குக் கொடுத்த கட்டணம்தான் நீங்கள் செய்த உருப்படியான செலவு.

சரி, டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? நாய் நன்றாக இருக்கும்போது. இரவு பதினொரு மணிக்கு வலிப்பு வந்து துடிக்கிற நாயை மடியில் வைத்துக்கொண்டு கூகுளில் தேடினால் யார் கதவு திறந்திருக்கிறதோ அவர்தான் டாக்டர். குட்டியை வாங்கிய முதல் வாரம், ஒரு பொதுப் பரிசோதனைக்கு என்று கூட்டிப் போங்கள். நாயை எடை பார்க்கிறாரா? எங்கள் மருந்தெல்லாம் எடைக் கணக்குதான், கண்ணால் பார்த்து "பத்து கிலோ இருக்கும்" என்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. கொடுக்கும் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தருகிறாரா? தடுப்பூசிப் புட்டியின் ஒட்டுச்சீட்டைப் பிய்த்துப் புத்தகத்தில் ஒட்டித் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறாரா? இரவிலும் ஞாயிறும் ஏதாவது ஆனால் எங்கே போவது என்று கேளுங்கள். "எனக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்ல வேண்டும் என்பதில்லை, அவரும் மனிதர்தான். "இன்ன இடத்துக்குப் போங்க" என்று வழி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தன்னால் முடியாததை வேறிடத்துக்கு அனுப்புகிறாரா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எலும்பு முறிவு, கண், இதயம், தோல் என எல்லாவற்றுக்கும் நானே என்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

குளிர்சாதன அறை, சோபா, மீன்தொட்டி, ஐந்து நட்சத்திரம் எல்லாம் உங்கள் வசதிக்கு. நாய்க்கு அதில் பங்கில்லை.

பதிவு எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். பட்டயம் பெற்ற உதவியாளர்கள் சிறு சேவைகளைச் செய்யலாம், அதுவும் மருத்துவரின் மேற்பார்வையில். தீவனக் கடைக்காரர், நாய் விற்பவர், நாய்ப் பயிற்சியாளர் எவருக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஐந்தரை வருடம் படித்துவிட்டு வந்தவரிடம், "நீங்க மாட்டு டாக்டரா, நாய் டாக்டரா?" என்று கேட்கிறார்கள். கடைக்காரரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை! அந்தக் கடையில் போடும் தடுப்பூசியில் நூறு, இருநூறு ரூபாய் குறையலாம். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். பாதி நாள் மின்சாரம் போன குளிர்பதனப் பெட்டியில் பால் பாக்கெட்டோடு கிடந்ததைப் போட்டுக்கொண்டு, "ஊசி போட்டும் பார்வோ வந்துடுச்சே" என்று என்னிடம் வந்து அழுதால் நான் என்ன செய்வேன்.

பார்வோ, குட்டிகளை வாந்தி பேதியில் தள்ளும் வைரஸ் நோய். அதைச் சொன்னதும் செலவுக் கணக்கு ஒன்று. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை அடுத்தடுத்த ஊசிகள், அப்புறம் ஒரு வருடம் கழித்து. ஒரு ஊசி போட்டுவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். எல்லா ஊசியும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய். பார்வோ வந்தால் நாள்தோறும் டிரிப், வாந்தி நிற்க மருந்து என ஐந்தாறு நாளில் அதைப்போலப் பல மடங்கு ஆகும், அதுவும் குட்டி பிழைக்கும் என்ற உறுதியில்லாமல். இதே கணக்குதான் கருத்தடைக்கும். "ஒரு தடவையாவது குட்டி போடட்டும், அப்பதான் உடம்புக்கு நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு விட்டுவைப்பார்கள். ஒரு தடவை குட்டி போடுவதால் பெண் நாயின் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. அவற்றில் பல ஏழெட்டு வயதில் கர்ப்பப்பையில் சீழ் கட்டி, காய்ச்சலோடு, சிறுநீரகமும் தள்ளாடும் நிலையில் அவசர அறுவைக்கு வரும். இளம் வயதில் செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவும் ஆபத்தும் இதில் ஒரு பங்குதான்.

காசைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். நம்மவர்களுக்கு இதில் ஒரு கூச்சம். "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல டாக்டர்" என்று வாயால் சொல்வார்கள், மறுநாள் வர மாட்டார்கள். சிகிச்சை பாதியில் நிற்கும். அதைவிட, "என்னால் மூவாயிரம்தான் முடியும், அதற்குள் என்ன செய்யலாம்?" என்று முதலிலேயே கேட்பது எவ்வளவோ மேல். கேட்டால் வழி இருக்கிறது. ஐந்து பரிசோதனை தேவைப்படும் இடத்தில் எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்த முடியும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பெரிய செலவில்லை, பல சமயம் அதுவே பாதி விடையைச் சொல்லிவிடும். உள்நோயாளியாக வைக்க முடியாவிட்டால் காலை, மாலை டிரிப்புக்கு வந்துபோகலாம். அறுவைக்கு முன் மொத்தச் செலவு இவ்வளவு ஆகும் என்று எழுதிக் கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால், "வாயில்லா ஜீவன் மேல் அன்பு இருந்தா காசு வாங்குவீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எக்ஸ்ரே இயந்திரத்தின் மாதத் தவணைக்கு அன்பைக் கட்ட முடியாது.

கையில் நிஜமாகவே பணமில்லாதவர்கள் தீவனக் கடைக்குப் போவதுதான் எனக்கு வருத்தம். அதைவிடக் குறைந்த செலவில் அதைவிடப் பல மடங்கு நல்ல இடங்கள் இருக்கின்றன. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இயங்குகிறது. ஸ்கேன், சிறப்புப் பிரிவுகள், விலங்குகளுக்கான ரத்த வங்கி எல்லாம் ஒரே வளாகத்தில் உண்டு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. திருச்சிக்காரர்களுக்கு நாமக்கல்லும் ஒரத்தநாடும் எட்டும் தூரம்தான். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், மாணவர்கள் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டும், ஒரு கண்ணுக்குத் தப்பியது இன்னொரு கண்ணில் படும். பல மாவட்டத் தலைநகரங்களில் கால்நடைப் பராமரிப்புத் துறையின் பன்முக மருத்துவமனை இருக்கிறது, ஊர்ப்புறத்தில் கால்நடை மருந்தகம் இருக்கிறது. மருந்தகத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் வசதி அதிகம், ஆனால் இருப்பவர் படித்த மருத்துவர். வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு ஜூலை 6 (விலங்குவழி நோய்கள் நாள்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் நாள்) ஆகிய நாள்களை ஒட்டி இலவச முகாம்கள் நடக்கும். அந்த ஊசிக்கு மட்டும் காசில்லை என்ற சாக்கு செல்லாது. அது உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி.

காப்பீடு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இப்போது சில நிறுவனங்கள் தருகின்றன. எடுக்கும்முன் எதற்கெல்லாம் பணம் தர மாட்டார்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். ஏற்கெனவே இருந்த நோய், தடுப்பூசி போடாததால் வந்த நோய் இரண்டும் பெரும்பாலும் அதில் இருக்கும். அந்தத் தவணையை மாதாமாதம் நாயின் பெயரில் தனியாகப் போட்டு வைப்பதே பல வீடுகளுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். இன்னும் நாயே வாங்காதவர்களுக்கு இன்னொன்று. ஹஸ்கி, பக் வகை நாய்கள் குட்டியாக இருக்கும்போது அழகுதான், நம் சித்திரை வெயிலில் மூச்சு வாங்கி என் மேஜைக்கு வரும்போது பார்க்கச் சகிக்காது. தெருவில் பிறந்த நம் நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்து ஒழுங்காகத் தடுப்பூசி போட்டால், நான் உங்களை வருடத்துக்கு ஓரிரு தடவைதான் பார்ப்பேன். எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை.

வீட்டு வைத்தியத்தில் மிச்சம் பிடிப்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரை போதும் சாக. நாய்க்கு இபுபுரோஃபென் கூடாது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைமேல் தெளிக்காதீர்கள். சொறிக்கு வண்டியின் கழிவு ஆயில் பூசாதீர்கள், நக்கினால் வயிற்றுக்குள்தான் போகும். ஆண் பூனை மண்தட்டில் போய்ப்போய் முக்கினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். சிறுநீர் அடைத்திருக்கலாம், அடைத்திருந்தால் நாளைக் காலை வரை தாங்காமல் போகலாம். அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பத்து வாந்தியின் படத்தை இரவில் வாட்ஸாப்பில் அனுப்புவது வைத்தியம் ஆகாது.

டாக்டரை மாற்றுவதில் தவறே இல்லை. பிடிக்கவில்லை, நம்பிக்கை வரவில்லை என்றால் மாற்றுங்கள், கேஸ் சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு மாற்றுங்கள். அது உங்கள் காசில் எடுத்த பரிசோதனை, தருவார்கள். வரும்போது தடுப்பூசிப் புத்தகம், பழைய சீட்டு, மாத்திரை அட்டையின் மிச்சம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எழுதித் தராத ஊசி ஏதாவது போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், யாரையும் திட்ட மாட்டேன். முடிந்தால், நாயைக் கூட்டி வருகிறவர் அதற்குத் தினமும் சோறு வைக்கிறவராக இருக்கட்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது மலம் கழித்தது என்று டிரைவர் தம்பியைக் கேட்டால் அவர் அம்மாவுக்குப் போன் போடுகிறார், அம்மா எடுப்பதில்லை.