வந்தேறி இனம் அன்று, வன்பரவல் இனம்

வேற்றிடத்திலிருந்து வந்து பரவித் தீங்கு செய்யும் செடிகொடி விலங்குகளை ஆங்கிலத்தில் ‘இன்வேசிவ் ஸ்பீஷீஸ்’ என்பார்கள். அதை ‘வந்தேறி இனம்’ என்று எழுதும் வழக்கம் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பித் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் வரைக்கும் வந்துவிட்டது. தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் துண்டேட்டில் வரிக்கு வரி அதைக் கண்டபின் எழுதாமலிருக்க முடியவில்லை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் வழிவந்த பிள்ளைகளுக்கு, தீங்கு செய்வதற்குப் பெயர் ‘வந்தேறி’ என்று கற்றுக்கொடுப்பதா? மனம் புண்படுவது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சொல் அறிவியலையே திரித்துவிடுகிறது.

மூலம் இலத்தீன். ‘இன்வாதேரே’ என்றால் உள்ளே புகுதல். படையெடுப்புக்கு வழங்கிய சொல்லை உயிரினங்களுக்கு ஊன்றச் செய்தவர் ஆங்கிலேயச் சூழலியலாளர் சார்லஸ் எல்டன், 1958இல்.

இன்றைய வழக்கில் அதற்குள் இரண்டு கூறுகள் உண்டு. வேற்றிடத்திலிருந்து மனிதர் கொண்டுவந்து சேர்த்தது என்பது ஒன்று. வந்த இடத்தில் தானே பெருகிப் பரவி அங்குள்ள உயிர்களை நெருக்குவது மற்றொன்று. முதற்கூறு மட்டும் இருந்தால் அது வெறும் அயல் இனம். தென்னாப்பிரிக்காவின் 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டமும் இவ்விரண்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. ‘வந்தேறி’யோ முதற்கூறோடு நின்றுவிடுகிறது. எங்கள் முன்னோர் வெட்டிய கரும்பு இம்மண்ணுக்கு அயல்தான், ஊரே உண்ணும் மக்காச்சோளமும் அயல்தான். அவை வயலைத் தாண்டிக் காட்டை விழுங்கவில்லை. 2023இல் வெளிவந்த பன்னாட்டுப் பல்லுயிர் மதிப்பீடு, உலகெங்கும் புதிய இடங்களில் நிலைபெற்ற அயல் இனங்கள் 37,000க்கு மேல் என்கிறது. தீங்கானவை என்று அது கணக்கிடுவது 3,500 சொச்சம், பத்தில் ஒன்று. மற்ற ஒன்பதையும் சேர்த்துத் திட்டுவதற்கு ஒரு சொல் எதற்கு?

ஓர் இனம் செய்யும் தீங்கு அது பிறந்த ஊரைப் பொறுத்ததும் அன்று. விடத்தலை முட்செடி ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் சொந்தம். இங்கே அது அளவுமீறி மேயவிட்ட புல்வெளிகளை அடைத்துக்கொண்டு வளர்கிறது. காற்றில் கூடிவரும் கரியமில வாயுவும் புல்லுக்கு எதிராக அதற்குக் கைகொடுக்கிறது. வெப்பம் தாங்காமல் தாமாகவே குளிர்ந்த பக்கம் நகரும் மீன்களையும் பறவைகளையும் என்னவென்று அழைப்பார்கள்? வந்தேறி என்றால் அது அநியாயம்.

‘ஊடுருவும் இனம்’ என்பது இன்னொரு பரிந்துரை. ஊடுருவுவது கள்ளத்தனமாக, கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. வாட்டில் மரம் அப்படியா வந்தது? 1864இல் ஆஸ்திரேலியாவிலிருந்து விதை கொணர்ந்து டர்பனைச் சூழ்ந்த நட்டால் பகுதியில் நட்டார்கள். பிறகு தோல் பதனிடப் பட்டைக்காகத் தோட்டம் தோட்டமாக வளர்த்தார்கள். நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்வதும் இதே மரத்தைத்தான். அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும். தீ பரவினால் அந்தச் சூட்டில் கெட்டி உறை வெடித்து, மழை பெய்ததும் கரிந்த தரை தெரியாதபடி நாற்று முளைக்கும். ஓடைக்கரையில் வளர்ந்த மரம் புல்லைவிடப் பன்மடங்கு நீர் குடிக்கும். வறட்சி கூடினால் தீ கூடுகிறது, தீக்குப்பின் வாட்டில் அடர்கிறது, ஓடை இன்னும் வற்றுகிறது. இம்மரங்களை வெட்டி நீரை மீட்கவே அரசு 1995இல் தனித் திட்டம் தொடங்கியது. இதில் ஊடுருவல் எங்கே இருக்கிறது? எல்லாம் பட்டப்பகலில், நம் கையாலேயே நடந்தது.

‘ஆக்கிரமிப்பு இனம்’ பொருளில் நெருங்கி வந்தாலும் வடசொல், போதாததற்குப் புறம்போக்கு நிலத்தை வளைப்பவரின் உள்நோக்கத்தை மரத்தின்மேல் ஏற்றுகிறது. ‘களை’ நல்ல தமிழ், ஆனால் அது வயலுக்கு உரியது, விலங்குக்குப் பொருந்தாது. மேரியன் தீவைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவுக்கும் அண்டார்ட்டிகாவுக்கும் இடையில் கிடக்கும் அந்தத் தீவுக்குச் சீல் என்னும் கடல்நாய்களை வேட்டையாடிய கப்பல்களோடு 19ஆம் நூற்றாண்டில் சுண்டெலி போய்ச் சேர்ந்தது. நெடுங்காலம் பூச்சியும் விதையும் தின்று கிடந்தது. தீவு வெம்மையாகவும் உலர்ந்தும் மாற மாற, குட்டி போடும் பருவம் நீண்டது, எலி பெருகியது, பூச்சி குறைந்தது. இப்போது இரவில் அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையின் குஞ்சுகளின்மேல் ஏறி உயிரோடு கொறிக்கிறது. தரையில் பகையையே அறியாத பறவை கூட்டைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கொண்டுபோனது மனிதன், கட்டவிழ்த்துவிட்டது வெப்பம். இதைக் களை என்று சொல்ல முடியுமா?

ஆகவே கொண்டுவரப்பட்டதற்கு ‘அயல் இனம்’, பரவி நெருக்குவதற்கு ‘வன்பரவல் இனம்’ என்று இரண்டு சொற்களை வைத்துக்கொள்ளலாம். வன்மையாய்ப் பரவுவது என்று கேட்டவுடனே புரியும். செடிக்கும் எலிக்கும் பொருந்தும், யாருடைய பிறப்பையும் குத்திக்காட்டாது.

மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலச் சொல்லின் சூட்டைப் பார்க்கிறார்களே தவிர, அது சுட்டும் பொருளைப் பார்ப்பதில்லை. ‘பருவநிலை மாற்றம்’ என்பதும் அப்படித்தான். மழைக்காலம் போய்க் கோடை வருவதும் பருவ மாற்றம்தானே? பல்லாண்டு நிலையே மாறுவதற்குக் ‘காலநிலை மாற்றம்’ என்ற சொல் இருக்கிறது. ‘பருவநிலை மாறுவதால் வந்தேறிகள் பெருகுகின்றன’ என்று துண்டேட்டில் இருந்த வரியை வகுப்பில் இப்படித் திருத்திக் கொடுத்தேன்: ‘காலநிலை மாற்றத்தால் வறட்சியும் தீயும் கூடும்போது வன்பரவல் மரங்கள் மேலும் அடர்கின்றன. அவை அடர அடர ஓடைநீர் குறைகிறது, அடுத்த தீ இன்னும் கொழுந்துவிட்டு எரிகிறது.’