ஆவணத்தளத்தின் பில்ட் நேரம் எங்கே செலவாகிறது?

மென்பொருள் ஒன்றின் ஆவணத்தளம் சில நூறு பக்கங்களோடு இருக்கும்வரை அதன் பில்ட் நேரத்தை, அதாவது எழுதிய கோப்புகளை இணையப் பக்கங்களாக மாற்ற ஆகும் நேரத்தை, யாரும் பொருட்படுத்துவதில்லை. பதிப்புகளும் மொழிகளும் ஏபிஐ (பிற நிரல்கள் அந்த மென்பொருளோடு பேசும் இடைமுகம்) விளக்கங்களும் சேர்ந்து பக்கங்கள் ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகுதான், நொடிகளில் முடிந்த வேலை நிமிடங்களாக நீண்டிருப்பது கண்ணில் படுகிறது. இதனால் முதலில் பாதிக்கப்படுபவர் ஆவணத்தை எழுதுபவரே. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு அதன் முன்னோட்டத்தைப் பார்க்கவே கால் மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்றால், அடுத்த பிழையைக் கண்டாலும் அவர் கடந்து போய்விடுவார். ஆவணத்தின் தரம் இப்படித்தான் சத்தமில்லாமல் சரிகிறது. அதோடு, தளத்தை வெளியிடும் சேவைகளுக்கும் வரம்புகள் உண்டு. கிட்ஹப் பேஜஸில் வெளியீட்டு வேலை 10 நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். கிளவுட்ஃபிளேர் பேஜஸ் 20 நிமிடங்களில் பில்டை நிறுத்திவிடும்.

இந்த நிலையில் பெரும்பாலான குழுக்களில் முதலில் எழும் யோசனை, தளத்தைத் தயாரிக்கும் கருவியை மாற்றிவிடலாம் என்பது. ஜெகிலிலிருந்து ஹியூகோவுக்குப் போனால் வேகம் கூடும் என்பது உண்மைதான். 2013-இல் வெளிவந்த ஹியூகோ, ‘கோ’ என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, பக்கங்களை இணையாகத் தயாரிக்கக்கூடியது. ஆயினும் பக்கங்களின் அச்சாக அமையும் டெம்ப்ளேட்டுகளையும் குறுநிரல்களையும் உள்ளிணைப்புகளையும் புதிய கருவிக்கு மாற்றி எழுதுவது மாதக்கணக்கான உழைப்பு. நேரத்தை விழுங்கும் வேலை டெம்ப்ளேட்டுக்குள் இருந்தால், அது புதிய கருவிக்கும் கூடவே வந்து சேரும். ஆகவே முதலில் அளக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஹியூகோவின் டெம்ப்ளேட் மெட்ரிக்ஸ் விருப்பம், எந்த டெம்ப்ளேட் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை அட்டவணையாகத் தருகிறது. ஜெகிலில் புரொஃபைல் விருப்பமும் ஸ்பிங்ஸ் என்ற மற்றொரு கருவியில் டியூரேஷன் நீட்சியும் இதற்கு உதவும்.

அளந்து பார்த்தால், பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் இருப்பது பக்கப்பட்டை, அதாவது இடப்புறத்தில் தளத்தின் எல்லாப் பக்கங்களையும் மரக்கிளைகளாகக் காட்டும் பட்டியல். ஆயிரம் பக்கங்கள் கொண்ட தளத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் ஆயிரம் இணைப்புகளைக் கொண்ட பக்கப்பட்டை இருந்தால், பில்ட் எழுத வேண்டிய இணைப்புகள் 10 லட்சம். பக்கங்கள் ஐந்தாயிரம் ஆகும்போது அவை 2.5 கோடி ஆகின்றன. பக்கங்கள் ஐந்து மடங்குதான் கூடின, வேலையோ இருபத்தைந்து மடங்கு கூடிவிட்டது. ஓர் இணைப்புக்கு 100 பைட் என்று வைத்துக்கொண்டாலும், பக்கப்பட்டைக்கு மட்டுமே 2.5 ஜிபி எச்டிஎம்எல் சேரும். கிட்ஹப் பேஜஸ் ஒரு தளத்துக்கு அனுமதிக்கும் மொத்த அளவே 1 ஜிபிதான். வேகமான கணினியை வாங்குவதும் கூடுதல் கோர்களை ஒதுக்குவதும் இந்தப் பெருக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது.

தீர்வு, பக்கப்பட்டையை ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாகக் கட்டாமல் ஒருமுறை கட்டிப் பகிர்ந்துகொள்வது. ஹியூகோவில் இதற்கென்றே ‘பார்ஷியல் கேஷ்டு’ என்ற வசதி உண்டு. ஜெகிலில் ‘இன்க்ளூட் கேஷ்’ என்ற செருகுநிரல் அதையே செய்கிறது. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். வாசகர் இருக்கும் பக்கத்தைப் பட்டியலில் தடித்துக் காட்டும் குறியும் பக்கப்பட்டைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், பகிர்ந்த பட்டியல் எல்லாப் பக்கங்களிலும் ஒரே பக்கத்தைத் தடித்துக் காட்டும். குபர்னெட்டிஸ் மென்பொருளின் ஆவணத்தளம் பயன்படுத்தும் டாக்ஸி என்ற ஹியூகோ தீம் (ஆயத்தத் தோற்ற அமைப்பு) இதைச் சரியாகக் கையாள்கிறது: 2,000 பக்கங்களைத் தாண்டிய தளங்களில் அது பிரிவுக்கு ஒரு பட்டியலை மட்டும் கட்டி வைத்துக்கொண்டு, தடித்துக் காட்டும் வேலையை உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டிடம் விட்டுவிடுகிறது. ஸ்பிங்ஸில் ரீட் தி டாக்ஸ் தீமைப் பயன்படுத்துபவர்கள், பட்டியலைச் சுருக்கும் அமைப்பை அணைத்துவிட்டு ஆழத்தையும் கூட்டினால், பில்ட் நேரமும் கோப்புகளின் அளவும் பெருகும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அழகுக்காக அந்த அமைப்பை அணைத்து வைத்திருக்கும் தளங்கள் அதை ஒருமுறை மீட்டுப் பார்க்கலாம்.

அடுத்ததாக நான் தேடுவது, பக்கத்தின் அடியில் வரும் ‘கடைசியாகத் திருத்தப்பட்ட நாள்’. அந்தத் தேதிக்காக ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கிட் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் கருவி) கட்டளையை ஓட்டும் செருகுநிரல்கள் உண்டு. ஐந்தாயிரம் பக்கங்களுக்கு ஐந்தாயிரம் முறை கிட் வரலாற்றைத் துழாவ வேண்டியிருக்கும். வரலாற்றை ஒரே ஓட்டத்தில் படித்து எல்லாத் தேதிகளையும் எடுத்துக்கொள்வதே முறை. ஹியூகோவின் கிட் இன்ஃபோ வசதி அப்படித்தான் செய்கிறது. ஆனால் பில்டைத் தானாக ஓட்டும் சிஐ சர்வர்கள் வழக்கமாகக் கடைசி கமிட்டை (கிட்டில் பதிவான மாற்றத்தை) மட்டுமே இறக்கிக்கொள்வதால், எல்லாப் பக்கங்களிலும் ஒரே தேதி வந்து நிற்கும். இதற்காகக் கோப்புகளும் வரலாறும் சேர்ந்த முழுக் களஞ்சியத்தையும் இறக்கத் தேவையில்லை. கோப்புகளின் பழைய உள்ளடக்கத்தை விட்டுவிட்டு கமிட் வரலாற்றை மட்டும் இறக்கும் வசதி கிட்டிலேயே இருக்கிறது.

சிஐ சர்வரில் கேஷ் (முந்தைய பில்டின் சேமிப்பு) வைத்திருந்தும் பயனில்லை என்று வருந்தும் ஸ்பிங்ஸ் பயனர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். ஸ்பிங்ஸ் ஏற்கெனவே படித்த பக்கங்களின் வடிவத்தைச் சேமித்து வைத்து, மாறிய பக்கங்களை மட்டும் மீண்டும் படிக்கும். எது மாறியது என்பதை அது கோப்பின் திருத்த நேரத்தைக் கொண்டு முடிவு செய்கிறது. கிட்டோ, களஞ்சியத்தைப் புதிதாக இறக்கும்போது எல்லாக் கோப்புகளுக்கும் இறக்கிய நேரத்தையே இடுகிறது. எனவே எல்லாப் பக்கங்களும் மாறியவையாகவே தெரிகின்றன. கேஷை மீட்டெடுப்பதற்கு முன் கோப்புகளின் நேரத்தை கமிட் நேரத்துக்குத் திருத்தி வைத்தால் இது தீரும். இணை ஓட்டத்தை இயக்கியும் வேகம் கூடவில்லையென்றால், இணையாகப் படிக்க ஏற்றவை என்று தம்மை அறிவிக்காத நீட்சிகள் ஏதேனும் இருக்கின்றனவா என்று எச்சரிக்கை வரிகளில் பாருங்கள். அப்படி ஒன்று இருந்தாலே ஸ்பிங்ஸ் எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்கத் தொடங்கிவிடும்.

பழைய பதிப்புகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். டோக்குசாரஸ் போன்ற கருவிகள் பழைய பதிப்புகளின் பக்கங்களை நகலெடுத்து வைத்து, ஒவ்வொரு பில்டிலும் அனைத்தையும் மீண்டும் தயாரிக்கின்றன. ஆண்டுக்கணக்கில் ஒரு வரிகூட மாறாத ஆவணத்தை நாள்தோறும் புதிதாகக் கட்டுவதில் பொருளே இல்லை. பைத்தானும் குபர்னெட்டிஸும் ஒவ்வொரு பதிப்பையும் கிட்டில் தனிக் கிளையில் வைத்துத் தனித்தனியே பில்ட் செய்து, தனி முகவரியில் வெளியிடுகின்றன. ஆதரவு முடிந்த பதிப்பின் எச்டிஎம்எல் கோப்புகளை அப்படியே சேமித்து வைத்துவிடலாம். பதிப்புகளின் பட்டியலை மட்டும் ஒரு சிறு ஜேசன் தரவுக் கோப்பிலிருந்து உலாவி படித்துக்கொள்ளுமாறு செய்தால், புதிய பதிப்பு வரும்போது பழைய பக்கங்களைத் தொட வேண்டியதில்லை. உடனடியாக இதற்கு மாற முடியாதவர்கள், முன்னோட்ட பில்டுகளில் மட்டுமாவது நடப்புப் பதிப்பை மட்டும் சேர்க்கும் அமைப்பை டோக்குசாரஸில் இயக்கலாம்.

படங்களைச் சிறிதாக்கும் ஹியூகோ தளங்கள், அதன் விளைவுகள் சேரும் ‘ரிசோர்சஸ்’ கோப்புறையை சிஐ கேஷில் வைக்க வேண்டும். வெளித்தள இணைப்புகளைச் சோதிக்கும் வேலையை இரவு ஓட்டத்துக்குத் தள்ள வேண்டும். பிறருடைய சர்வரின் மெத்தனத்துக்காக எழுத்தாளர் காத்திருக்கக் கூடாது.

பில்ட் முடிந்த பிறகு பதிவேற்றத்திலும் நேரம் போகிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பில்ட் நேரத்தையோ கமிட் எண்ணையோ அச்சிடும் தளங்களில், ஒரு சொல் மாறினாலும் எல்லாக் கோப்புகளும் மாறியவை ஆகிவிடுகின்றன. அந்த வரியை எடுத்துவிட்டு, ஆர்சின்க் என்ற பதிவேற்றக் கருவியை நேரத்துக்குப் பதிலாக உள்ளடக்கத்தை ஒப்பிடும் முறையில் ஓட்டினால் மாறிய பக்கங்கள் மட்டுமே மேலே போகும்.

மாறியவற்றை மட்டும் பில்ட் செய்யும் முறைகளை முன்னோட்டங்களுக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம். வெளியீட்டுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை: ஒரு பக்கத்தின் தலைப்பு மாறும்போது அதைப் பட்டியலிடும் பிற பக்கங்களில் பழைய தலைப்பே நின்றுவிட வாய்ப்புண்டு, ஜெகில் தன் இன்க்ரிமென்டல் வசதியைப் பரிசோதனை நிலையில் உள்ளதாகவே குறிப்பிடுகிறது. கேஷ் எதுவும் இல்லாத முழு பில்ட் ஒன்றை இரவுதோறும் ஓட்டி, அதன் நேரத்தையும் பதிவு செய்து வாருங்கள். அந்தப் பதிவு இருந்தால், பில்டை மெதுவாக்கிய மாற்றம் எந்த நாளில் நுழைந்தது என்பதை கமிட் பட்டியலோடு ஒப்பிட்டு மறுநாள் காலையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.