சர்க்கரைபோல் மின்னுவதெல்லாம் பளிங்கல்ல

சமையலறை மேடைக்கு வாங்கிய வெள்ளைக் கல்லின் துண்டொன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். குவார்ட்ஸ் கனிமத்தாலான, புளிப்புக்கு மங்காத குவார்ட்சைட் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு சிந்திய இடமெல்லாம் மங்கிக் கிடந்தது. "சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி இருந்தால் குவார்ட்சைட்தான் என்றார்களே?" என்றார். பளிங்கும் (மார்பிள்) அப்படித்தான் இருக்கும்; கால்சியம், மக்னீசியம் கலந்த கார்பனேட்டான டோலமைட்டும் அப்படித்தான்.

ஏறத்தாழ ஒரே பருமனுள்ள பரல்கள் ஒன்றையொன்று நெருக்கிக் கோத்திருந்தால், அதைச் சர்க்கரை இழையமைப்பு என்போம். அது தோற்றத்தின் பெயர். கனிமம் எது என்று சொல்லாது. சர்க்கரைக்கு மூலமான வடமொழிச் 'சர்க்கரா'வுக்கே பரல், சரளை என்ற பொருள் உண்டு என்பது எனக்குப் பிடித்த செய்தி.

புதிதாக உடைத்த முகத்தைப் பத்து மடங்கு லென்ஸில், வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பளிங்கில் ஒவ்வொரு பரலும் குட்டிக் கண்ணாடிபோல் பளிச்சிட்டு அணையும். அதிலுள்ள கால்சைட் தட்டையாகப் பிளக்கும் கனிமம். குவார்ட்ஸ் அப்படிப் பிளக்காது. அதன் உடைமுகம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும்.

கத்தியால் கீறிப் பார்ப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பிணைப்புத் தளர்ந்த கல்லில் கத்தி பரலைக் கீறுவதில்லை, பெயர்த்தெடுக்கிறது. உடனே மென்மையான கல் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதனால் கல்லின் கூர்முனையைக் கண்ணாடிச் சில்லின்மேல் அழுத்தி இழுங்கள். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, கண்ணாடி சுமார் 5.5, டோலமைட் 3.5 முதல் 4, கால்சைட் 3. துடைத்த பிறகும் கோடு நகத்தில் தட்டுப்பட்டால் அது பளிங்கோ டோலமைட்டோ அல்ல.

அவர் கொண்டுவந்த கல் கண்ணாடியில் வெறும் வெள்ளைத் தூளைத்தான் விட்டது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு வைத்தேன், அசைவே இல்லை. பலர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு குவார்ட்சைட் என்று எழுதிவிடுகிறார்கள். கல்லைச் சுரண்டி, அந்தப் பொடியில் இன்னொரு சொட்டு விட்டேன். குமிழ்கள் மெல்ல எழுந்தன. டோலமைட் பளிங்கு. கால்சைட்டாக இருந்தால் முதல் சொட்டிலேயே பொங்கியிருக்கும்.

மேடை மங்கினால் மறுபடி மெருகேற்றலாம். நான் அஞ்சுவது இதற்கு நேர்மாறான பிழைக்கு. பளிங்கென்று நினைத்துக் குவார்ட்சைட்டைத் தண்ணீரில்லாமல் அறுப்பவரின் நுரையீரலில் குவார்ட்ஸின் சிலிக்காத் தூசி படிந்து தழும்பேறும். அந்த சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. என்ன கல் என்று உறுதியாகும்வரை அதைக் குவார்ட்ஸாகவே கருதுங்கள்: தண்ணீர் விட்டு அறுங்கள், நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் போடுங்கள். மூக்கில் கட்டும் துணி போதாது.