சோபாவை நகர்த்திவிட்டு ஸ்பீக்கர் வாங்குங்கள்

"முன்னால் எல்லாம் நன்றாகக் கேட்கிறது. பின்னால் மாட்டிய இரண்டும்தான் வேலை செய்யவில்லை." வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்துவதும் சரிசெய்வதும் என் பிழைப்பு, இந்தப் புகாரைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் கழிவதில்லை. ஏணியோடு போய்ப் பார்த்தால், அந்த இரண்டும் பெரும்பாலும் எந்தக் குறையும் இல்லாமல் பாடிக்கொண்டிருக்கும். கேட்க வேண்டியவரின் காதுக்குத்தான் வந்து சேர்ந்திருக்காது.

அண்மையில் போன வீட்டையே சொல்கிறேன். ஏறக்குறைய 5 மீட்டர் நீளக் கூடம். ஒரு கோடியில் டிவி, மறுகோடியில் சுவரோடு ஒட்டிய சோபா. படத்தின் சுற்றுப்புற ஒலியைத் தரும் சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டும் சோபாவுக்கு மேலே, கூரையும் சுவர்களும் கூடும் மூலைகளில், ஒட்டடை படியும் உயரத்தில் உட்கார்ந்திருந்தன. இரண்டின் முகமும் நேர் எதிரே இருந்த டிவியைப் பார்த்தபடி. ஒலி வீட்டுக்காரரின் தலைக்கு மேலாகப் பறந்து எதிர்ச்சுவரில் மோதிக்கொண்டிருந்தது. மழைக் காட்சி ஒன்றை ஓடவிட்டு, ஏணியில் ஏறிக் காதை வைத்தேன். மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. இரண்டில் ஒன்றைக் கழற்றி, ஒயரை நீட்டிக் கீழே இறக்கினேன். சோபாவை ஒரு மீட்டர் முன்னே இழுக்கச் சொன்னேன். ஸ்பீக்கரைக் கையில் ஏந்தியபடி அவருடைய வலப்பக்கம், தோளுக்குச் சற்றுப் பின்னால், காது உயரத்தில் பிடித்தேன். "சத்தத்தைக் கூட்டினீர்களா?" என்று கேட்டார். ரிமோட் அவர் மடியில்தான் கிடந்தது.

இதனால்தான், எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் பதிலுக்கு, "எங்கே உட்காரப் போகிறீர்கள்?" என்று கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல்கூட வருகிறது. வரட்டும். இடம் தெரியாமல் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதுபோல.

நீங்கள் உட்காரும் இடத்தை ஒரு கடிகாரத்தின் நடுப்புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். டிவி 12-இல் இருக்கிறது. முன் ஸ்பீக்கர்கள் 11-இலும் 1-இலும் வர வேண்டும். சரவுண்ட் இரண்டில் வலப்பக்கத்தது 3-க்கும் 4-க்கும் நடுவில், இடப்பக்கத்தது 8-க்கும் 9-க்கும் நடுவில். டிவி இருக்கும் திசையை 0 டிகிரி என்று கொண்டு, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை இதையே 100 முதல் 120 டிகிரி வரை என்கிறது. டால்பி நிறுவனத்தின் வழிகாட்டிகளும் அமைப்பைப் பொறுத்து 90 முதல் 120 டிகிரிக்குள்தான் சொல்கின்றன. எதை எடுத்துக்கொண்டாலும் சரவுண்டின் இடம் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி. "பின் ஸ்பீக்கர்" என்று நாம் வைத்துவிட்ட பெயரே பாதித் தவறுக்குக் காரணம். முதுகுக்குப் பின்னால் வருபவை 7.1 அமைப்பில் (ஏழு ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும்) கூடுதலாகச் சேரும் ஜோடி. அவற்றுக்கு 135 முதல் 150 டிகிரி, அதாவது நம் கடிகாரத்தில் ஐந்தையும் ஏழையும் ஒட்டிய இடம். சோபாவுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டராவது காலியிடம் இல்லாதவர்கள் 7.1 வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பணத்தை டிவியை ஒட்டி வரும் நடு ஸ்பீக்கரில் போடச் சொல்வேன். படத்தின் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது.

சோபாவை நகர்த்த முடியாது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பக்கச் சுவர்களில், சோபாவுக்கு நேராக, ஒன்றையொன்று பார்க்கும்படி மாட்டுங்கள். பக்கச் சுவர் இல்லாமல் கூடம் ஒருபுறம் திறந்துகிடந்தால் அங்கே ஒரு ஸ்டாண்ட் வைத்துக்கொள்ளலாம். சோபாவுக்கு மேலே, தலைக்கு நேர் பின்னால் இரண்டையும் அடுத்தடுத்து மாட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். சுவரோடு ஒட்டிய இருக்கைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: தாழ்ந்த ஒலிகள் சுவரருகே தேங்கி வீங்கும். சப்வூஃபர் 'தொம் தொம்' என்று வயிற்றில் இடிக்கிறது என்பவர்களில் பலர் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்து பார்ப்பவர்கள். ஒன்றரை அடி முன்னே வந்தாலே வித்தியாசம் தெரியும்.

உயரத்தைப் பற்றிப் பழைய கையேடுகளுக்கும் புதியவற்றுக்கும் இடையே ஒரு சண்டை இருக்கிறது. காதுக்கு இரண்டு மூன்று அடி மேலே மாட்டு என்பது பழைய பேச்சு. அது தவறில்லை, அதன் காலம் வேறு. 1987-இல் வந்த டால்பி புரோ லாஜிக் என்ற ஒலி முறையில் சரவுண்டுக்கு இருந்தது ஒரே ஒரு ஒலித்தடம். இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே ஒலியைத்தான் வெளியிட்டன, அதுவும் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டப்பட்டு. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு மூட்டம்தான் அப்போது தேவை. அதற்கு உயரம் உதவியது. பிறகு டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் வந்து, இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனித் தடங்களை, முழு அலைவரிசையோடு கொடுத்தன. 2014-இல் வீடுகளுக்கு டால்பி அட்மாஸ் என்ற, தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் முறை வந்தபின் உயரத்துக்கென்றே வேறு ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன. மேலே ஹெலிகாப்டர், கீழே தெருவின் இரைச்சல் என்று பிரித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. கீழே இருக்க வேண்டியதையும் கூரையோரம் மாட்டிவிட்டால் அது எதைப் பிரித்துக் காட்டும்? நான் காது உயரத்துக்கு ஒரு சாண் மேலே வைக்கிறேன். அந்த ஒரு சாண், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலை மறைக்காமல் இருப்பதற்காக. உட்கார்ந்தபின் காதின் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர். சோபாவுக்கு சோபா மாறும், டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பது இதற்குப் பிறகு எளிது. முன் ஸ்பீக்கர்கள் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்தில் எடுங்கள். கார் ஒன்று இடமிருந்து பின்னால் கடந்துபோகும்போது வழியில் அதன் குரல் மாறக்கூடாது. பெரிய வூஃபர் வேண்டியதில்லை. ரிசீவரில் (ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி) 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை சப்வூஃபருக்கு அனுப்பிவிட்டால் சிறிய பெட்டி நிம்மதியாக வேலை செய்யும். அட்டையில் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கும் பிஎம்பிஓ (கணநேர உச்சம்) வாட்டைப் படிக்கவே படிக்காதீர்கள். பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது கொடுத்த மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு: 87 டெசிபல் ஸ்பீக்கர் தரும் அதே சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரில் எடுக்க இரண்டு மடங்கு மின்திறன் செலவாகும். ரிசீவரின் முதுகில் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும், அதற்குக் கீழே போகாதீர்கள். சுவரோடு ஒட்டி மாட்டப் போகிறீர்கள் என்றால் பின்புறம் காற்றுத் துளை உள்ள பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். வயர்லெஸ் சரவுண்ட் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒலிக்குத்தான் ஒயர் இல்லை, பெரும்பாலானவற்றுக்கு மின்சாரத்துக்கு ஒயர் உண்டு. அந்த மூலையில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒயர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். ஸ்பீக்கரைப் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். சுவருக்குள் புதைத்துப் பூசி மறைக்கப் போகும் ஒயரை, பெட்டியோடு இலவசமாக வந்த தலைமுடி ஒயராக விட்டுவிடுவார்கள். ரிசீவரிலிருந்து சரவுண்டுக்கு ஒயர் சுவரோரமாகவே சுற்றிப் போகும்; 4 மீட்டர் தூரம் என்று நினைத்தது 10 மீட்டர் ஆகிவிடும். போக 10, வர 10, மின்சாரம் கடப்பது 20 மீட்டர் செம்பு. ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் ஒயரில் இதன் மின்தடை ஏறத்தாழ 0.23 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 3 சதவீதத்துக்குள் அடங்குகிறது, கவலையில்லை. முக்கால் சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.46 ஓம், 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் பத்து சதவீதத்தைத் தாண்டிவிடும். 5 சதவீதத்துக்குள் நிறுத்துவது எங்கள் தொழிலில் வழக்கம். அதற்காகத் தங்க முலாம், அபூர்வச் செம்பு என்று சொல்லி விற்கப்படும் பாம்பு போன்ற கேபிள்களுக்கும் போக வேண்டாம். சாதாரணத் தடித்த செம்பு போதும்.

செம்புதானா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது, நிறத்தில் ஏமாற்றிவிடும். ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். தடை கூடுதல், வளைத்தால் சீக்கிரம் முறியும். சுவருக்குள் முறிந்தால் யாரை அழைப்பது? என்னைத்தான். நானும் சுவரைத்தான் உடைக்க வேண்டும். வீட்டு மின்சார ஒயர் போகும் அதே குழாயில் ஸ்பீக்கர் ஒயரையும் தள்ளிவிடுவது இன்னொரு வழக்கம். இரைச்சலைவிட, காப்புறை தேய்ந்தால் நேரும் ஆபத்தை நினைத்துத் தனிக் குழாய் போடுங்கள். முனையில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் உரித்து இறுக்கமாக முறுக்குங்கள். பிரிந்து நிற்கும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டால் போதும், ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். "படம் நடுவில் தானாக ஆஃப் ஆகிறது" என்ற புகாருக்கு நான் பலமுறை கண்ட மருந்து, ஓர் இழையைக் கத்தரித்தது.

சிவப்பும் கறுப்பும் மாறினால் ஒன்றும் எரியாது. ஆனால் இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். ஒலி கனமிழந்து, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தலைக்குள் சுழலும். புதைத்த ஒயரில் எது எந்த முனை என்று மறந்துவிட்டதா? ஒயரை ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு, சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை அந்த முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் துணி மூடியைக் கழற்றி ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கூம்பு வெளியே குதித்தால் பேட்டரியின் பிளஸ் தொட்டதுதான் சிவப்பு.

மாட்டுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் ஒன்றை விழவிட்டவன் நான். தொழிலுக்கு வந்த புதிதில், ஜிப்சம் பலகைத் தடுப்பில் 4 கிலோ பெட்டி ஒன்றைச் சாதாரண ஸ்க்ரூவில் மாட்டிவிட்டு வந்தேன். அன்று இழுத்துப் பார்த்தபோது அசையவில்லை. ஸ்பீக்கர் அதிரும் பொருள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. சில நாள்களில் ஓர் இரவு, யாரும் உட்கார்ந்திராத நாற்காலியில் அது விழுந்தது. நாற்காலியில் பதிந்த பள்ளத்தை வீட்டு அம்மா விரலால் தொட்டுக் காட்டினார்; திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. இப்போது ஜிப்சம் பலகை என்றால் உள்ளே இருக்கும் சட்டத்தைத் தேடிப் பிடித்து அதில்தான் ஸ்க்ரூ இறக்குகிறேன். செங்கல் சுவரில் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் ஆணி உறை இறங்க வேண்டும். சுவிட்ச் பலகைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் வைப்பதில்லை. தலைக்கு மேல் வரும் எதற்கும் பிராக்கெட்டைத் தவிர இரண்டாவதாக ஒரு இரும்புக் கம்பிக் கயிறு.

எல்லாம் மாட்டியபின் ரிசீவருக்குத் தூரங்களைச் சொல்ல வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. ஒரு மீட்டர் வித்தியாசம் என்பது 3 மில்லிநொடி. அருகில் இருப்பதை அவ்வளவு தாமதிக்க வைத்து எல்லாம் ஒன்றாக வந்து சேரும்படி ரிசீவர் பார்த்துக்கொள்ளும். ரிசீவரோடு அளவெடுக்க வரும் மைக்கை சோபா மெத்தையில் போடாமல், காது இருக்கும் இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு அளவெடுங்கள். சப்வூஃபர் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகக் காட்டினால் திருத்தாதீர்கள், அதன் உள்மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. சரவுண்டின் அளவையும் மற்றவற்றோடு சமமாக விட்டுவிடுங்கள். விருந்தினருக்குக் காட்டுவதற்காகப் பத்து டெசிபல் கூட்டிவைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே படம் பார்ப்பவர்கள் படத்தை விட்டுவிட்டுச் சுவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சரவுண்டில் சத்தமே இல்லையென்றால், டிவியின் ஒலி அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். ஒலி வெளியீடு 'பிசிஎம்' என்று இருந்தால் பல டிவிகள் இரண்டு தடங்களை மட்டுமே ரிசீவருக்கு அனுப்பும். 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்றினால் ரிசீவரின் முகப்பில் டால்பி என்ற எழுத்து வந்துவிடும். எச்டிஎம்ஐ ஒயரை ஏஆர்சி என்று குறித்த துளையில்தான் செருக வேண்டும். இன்னொன்று: இருவர் அறைக்குள் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் சரவுண்ட் அமைதியாகத்தான் இருக்கும். அப்போது போய்ப் பெட்டியைத் தட்டாதீர்கள்.

அந்த 5 மீட்டர் கூடத்துக்காரர் பத்து நாள் கழித்து அழைத்தார். சோபா கூடத்தின் நடுவே நிற்பது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லையாம், நடக்க இடமில்லையாம். நான் அளவெடுத்த இடத்தில் சோபாவின் நான்கு கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டும் ஒட்டச் சொன்னேன். பகலில் சோபா சுவரோரம் இருக்கிறது. படம் போடும் இரவுகளில் அவரும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டேப் வரை இழுத்துக்கொள்கிறார்கள்.