கல் நடும் நாளில் உரிமையாளர் வயலில் இருக்க வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி என் அலுவலகத்திற்கு வந்தபோது, அவருடைய கரும்புத் தோட்டத்தின் குறுக்கே பயிரை வெட்டி நிலமெடுப்புக்கான அளவைக் கற்கள் நட்டு ஏறத்தாழ ஓராண்டு கடந்திருந்தது. அன்று அவர் ஒரு துக்க காரியத்திற்காக வெளியூர் சென்றிருந்தார். முன்னறிவிப்பு எதுவும் அவருக்கு வரவில்லை; வெட்டிய கரும்பு எவ்வளவு என்று எவரும் எழுதி வைக்கவுமில்லை. “சர்க்கார் அளக்க வந்தால் நாம் என்ன சார் சொல்ல முடியும்?” என்று கேட்டார். சொல்ல முடியும், சட்டமே அதற்கு இடம் தந்திருக்கிறது.

2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, அதிகாரம் பெற்ற அலுவலரும் அவருடைய பணியாட்களும் தனியார் நிலத்தில் நுழைந்து அளக்கவும், மட்டம் பார்க்கவும், மண்ணைத் துளையிட்டுச் சோதிக்கவும், எல்லை குறிக்கவும், வேறு வழியில்லாதபோது பயிரையும் வேலியையும் வெட்டி அகற்றவும் அனுமதிக்கிறது. இந்த அதிகாரங்கள் 1894ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இருந்தவைதான். புதிய சட்டம் சேர்த்தது, நில உரிமையாளரோ அவர் எழுத்து மூலம் அதிகாரம் அளித்தவரோ இல்லாதபோது இவற்றில் எதையும் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை. குறைந்தது அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்தும் அவர் வராவிட்டால் மட்டுமே, அவர் இல்லாமல் அளக்கலாம். வீட்டுக்குள்ளோ, வீட்டை ஒட்டிய அடைப்புள்ள முற்றத்திலோ தோட்டத்திலோ நுழைவதற்குக் குடியிருப்பவரின் சம்மதம் வேண்டும். இல்லையேல் ஏழு நாள் முன்பே எழுத்து மூலம் அறிவித்திருக்க வேண்டும்.

நடைமுறையில் அதிகம் மறக்கப்படுவது 13ஆம் பிரிவு. அளவையால் நேரும் சேதத்திற்கான தொகையை, நிலத்தில் நுழையும் சமயத்திலேயே அந்த அலுவலர் கொடுக்க வேண்டும் என்கிறது அது. தொகை போதாது என்று உரிமையாளர் சொன்னால், விஷயத்தை உடனே மாவட்ட ஆட்சியரின் முடிவுக்கு அனுப்ப வேண்டும். “இழப்பீடு வரும்போது எல்லாம் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்” என்று வயலில் சொல்லப்படும் வார்த்தையை நம்பிவிடாதீர்கள். நிலத்திற்கான இழப்பீடு வேறு, அளவைச் சேதத்திற்கான தொகை வேறு. திட்டமே கைவிடப்பட்டாலும் வெட்டிய பயிர் வெட்டியதுதான்.

ஆனால் எல்லாத் திட்டங்களுக்கும் இதே சட்டம் பொருந்தாது. தேசிய நெடுஞ்சாலைக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அதில், நிலத்தை எடுக்கும் எண்ணத்தைத் தெரிவிக்கும் அறிவிக்கை 3ஏ பிரிவின்கீழ் வெளியான பிறகே 3பி பிரிவின்படி நிலத்தில் நுழையும் அதிகாரம் பிறக்கிறது, ஆட்சேபம் தெரிவிக்க இருபத்தொரு நாள்தான் இருக்கிறது. மாநில நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் தமிழ்நாட்டின் தனிச் சட்டங்கள் உள்ளன. ஆகவே வந்திருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் வந்திருக்கிறீர்கள், உத்தரவின் நகல் எங்கே என்பதே. இதை மரியாதையாகக் கேளுங்கள். கல்லைப் பிடுங்கி எறிவது குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும்; அதன்பின் உங்கள் நியாயம் பேச்சிலேயே வராது.

கல் நட்டுவிட்டாலே நிலம் போய்விட்டது என்ற அச்சமும் தேவையற்றது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8 அன்று 3ஏ அறிவிக்கைகளைச் செல்லும் என்றே தீர்ப்பளித்தது; ஆனாலும் அந்த அறிவிக்கையை மட்டும் வைத்து வருவாய்ப் பதிவேடுகளில் செய்த பெயர் மாற்றத்தை ரத்து செய்து, உரிமையாளர்களின் பெயரையே மீண்டும் பதிய உத்தரவிட்டது. எனவே அளவைக்குப் பின் உங்கள் பட்டாவையும் சிட்டாவையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கரும்பு விவசாயிக்குக் கைகொடுத்தது, கிராம நிர்வாக அலுவலர் எழுதியிருந்த அந்தப் பசலியின் (வருவாய் ஆண்டின்) அடங்கல், அதாவது பயிர்ப் பதிவேடு. கரும்பு நின்றதற்கு அதுவே சான்றாக அமைந்தது. ஆட்சியரிடம் மனுக் கொடுத்து, கேட்டதில் ஒரு பகுதியைப் பெற்றார். வேலி இருந்ததைக் காட்ட ஒரு புகைப்படம்கூட இல்லாததால், அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.