ரூலெட் லாபத்தில் ஈஸ்போர்ட்ஸ் நஷ்டத்தைக் கழிக்க முடியாது: வருமான வரி விதி

கேசினோ மேசையில் கிடைத்த பணத்தையும் ஈஸ்போர்ட்ஸ் (கணினி விளையாட்டுப் போட்டி) பந்தயத்தில் விட்ட பணத்தையும் ஒரே கணக்காக வைத்து ஆடுபவர்கள், வருமான வரித் துறை அவற்றை அப்படிப் பார்ப்பதில்லை என்பதை அறிவிப்பு வந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். கேசினோ வெற்றிக்கு 115பிபி, இணைய விளையாட்டு வெற்றிக்கு 115பிபிஜே என்று 1961 வருமான வரிச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் உள்ளன. இரண்டிலும் வரி 30 சதவீதம், அந்த வரித் தொகையின் மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை (செஸ்). 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் என்பதால், இங்குள்ள எண்கள் 2025-26 வருமானம் வரைக்குமே பொருந்தும்.

ஆண்டுச் சம்பளம் 6 லட்சம் உள்ள ஒருவர் கோவா கேசினோவில் ரூலெட் ஆடி 1 லட்சம் வென்று, ஈஸ்போர்ட்ஸ் பந்தயத்தில் 1 லட்சத்து 20 ஆயிரம் இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து போனது 20 ஆயிரம். ஆனாலும் அவர் செலுத்த வேண்டிய வரி 31,200 ரூபாய். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்ற விளம்பரத்தை நம்பி ஏமாறுபவர்களே அதிகம். அந்தத் தள்ளுபடி சம்பளத்துக்கு உண்டு, இத்தகைய வெற்றிக்குக் கிடையாது. கேசினோ 30 ஆயிரம் பிடித்தம் செய்திருந்தாலும் தீர்வை 1,200 பாக்கி நிற்கும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவமும் இங்கே செல்லாது.

ஒரே இணையத் தளத்துக்குள் மட்டும் ஆண்டு முழுவதற்குமான போட்ட பணத்தைக் கழித்து நிகர வெற்றியைக் கணக்கிடுவார்கள். அதிலும் இரண்டு கண்ணிகள் உள்ளன: தளம் தந்த போனஸ் நீங்கள் போட்ட பணமாகக் கழிக்கப்படாது; மார்ச் 31 அன்று கணக்கில் கிடக்கும் இருப்பு, நீங்கள் எடுக்காவிட்டாலும், எடுத்ததாகவே சேரும்.

இப்போது மக்களை அதிகம் அலைக்கழிப்பது மூடப்பட்ட தளங்கள்தான். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியதும் பல தளங்கள் அவற்றை நிறுத்திவிட்டன. வரி பிடித்த தளம் அதை அரசுக்குச் செலுத்தாவிட்டால், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அந்தத் தொகை தோன்றாது. உடனே துறை உங்களிடமே மீண்டும் கேட்கும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் தளத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. வரி அலுவலகமோ "தளத்திடம் கேளுங்கள்" என்று மூன்று முறை திருப்பி அனுப்பியது. அப்படிச் சொல்ல அலுவலருக்கு இடமில்லை. பிடித்தம் செய்யப்பட்ட அளவுக்கு வரியை வருமானம் பெற்றவரிடம் நேரடியாகக் கோரக்கூடாது என்று 205ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

ஆனால் பிடித்தம் நடந்ததற்கான சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆகவே, தளத்தின் பணப் பரிவர்த்தனைப் பட்டியலையும் பிடித்தம் காட்டும் பக்கத்தையும், கணக்குக்குள் இன்னும் நுழைய முடிகிறபோதே, இன்றே பதிவிறக்கி வையுங்கள். வங்கி அறிக்கை வந்த தொகையை மட்டுமே காட்டும் என்பதால் அது தனியாகப் போதாது. தளம் தர வேண்டிய பிடித்தச் சான்றிதழான படிவம் 16ஏ கிடைக்கவில்லையென்று தாக்கலை நிறுத்தி வைக்காதீர்கள். 26ஏஎஸ்-இல் தொகை இருந்தாலே கழித்துக்கொள்ளலாம். துறையின் கோரிக்கை வந்தால், வாய்மொழியாகப் பேசி விட்டுவிடாமல், வருமான வரி இணையதளத்தில் 205ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, சான்றுகளை இணைத்து, மறுப்பைப் பதிவு செய்து, ஒப்புகை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.